பேட்டைக் கட்சியின் கடைசி உள்ளூர் ஆட்டம்

ராஜபாளையத்தில் இப்போது வாலிபர் சங்கம் ஒன்று சடுகுடு ஆட்டம் நடத்துகிறது. போன பங்குனியில் என்னையும் அழைத்துப் போய் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நடுவர் என்று ஒருவர் கால்சட்டை போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். வாயில் விசில். பாடிப் போகிறவனுக்கு மூச்சு இருக்கிறதா போய்விட்டதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரியும் என்று சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். "உதடு அசையுதான்னு பாப்போம், பெரியவரே" என்றார். உதடு அசைந்தால் போதுமாம். மூச்சைக் காதால் கேட்டே பதினைந்து வருஷம் கஞ்சி குடித்தவன் நான்.

அன்றைய ஆட்டத்தில் ஒருவன் பிடியில் மாட்டி, வலி பொறுக்காமல் தரையைத் தட்டிவிட்டான். உடனே கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "சங்கையா கை! ஏலே, சங்கையா கைடா!" என்று நாலு பக்கமும் கூச்சல். சங்கையா யார் என்று செயலாளரைக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல பேட்டைக் கட்சியில ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தானாம். செயிச்ச ஆட்டத்துல, கோட்டுக்கிட்டப் போய்ப் பயத்துல மூச்சை விட்டுத் தரையைத் தட்டிட்டானாம். நீங்க பாத்துருக்கீங்களா?"

பார்த்தேனாவது! சங்கையாவின் வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லாமல் அவன் கூடவே ஓடியவன் நான். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். சொல்லக் கூடாததற்குக் காரணமான ஆள் ஒருவர் அப்போது உயிரோடு இருந்தார். இப்போது இல்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்து என் தொழில் அல்ல. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். என் அத்தா பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர். அவர் எந்த இடத்தில் மூச்சை எடுக்கிறார், எந்த இடத்தில் தம் கட்டுகிறார் என்று சின்ன வயதிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இந்தக் காது எதற்கு உதவும் என்று அப்போது தெரியாது. ஜவுளி மூட்டை சுமந்தேன், வத்தல் மண்டியில் நின்றேன். களத்தில் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், "அவனுக்கு மூச்சு எப்பவோ போயிட்டு" என்று வாய் தவறிச் சொன்னது சரியாக இருந்துவிட்டது. அதிலிருந்து என்னை ஒவ்வொரு ஊராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் ராஜபாளையம் பேட்டைக் கட்சி என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டது. இப்போது டீம் என்கிறார்களே, அதைத்தான் அந்த நாளில் கட்சி என்போம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்துவிட்டு ராஜபாளையத்தான் சோற்றைத் தின்கிறான் என்று என் ஊர்க்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார்கள்.

என் வேலைக்கு மூச்சுக்காரர் என்று பெயர். இதில் ஒரு வழக்கம் உண்டு. இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு கட்சிக்காரன் பாடிப் போனால் அவன் மூச்சைப் பார்ப்பது எதிர்க்கட்சியின் ஆள் இல்லை, அவனுடைய சொந்தக் கட்சி மூச்சுக்காரர்தான். எதிராளி "மூச்சு போச்சு" என்று சொன்னால் கம்பும் கல்லும் பறக்கும். சொந்த ஆளே சொல்லிவிட்டால் யார் சண்டைக்கு வருவது? ஒரே ஒரு தடவை தன் கட்சிக்குச் சாதகமாகப் பொய் சொன்ன மூச்சுக்காரர் இருக்கிற கட்சியோடு சுற்றுவட்டாரத்தில் யாரும் அதற்குப் பிறகு ஆட வரமாட்டார்கள். அதனால்தான் ஆட்டக்காரர்களுக்கு உறவுமுறை இல்லாத ஆளாகப் பார்த்து வைப்பார்கள். என்னை எல்லாரும் ராவுத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

பாடிப் போகிறவனுக்கு இடப்பக்கம் குனிந்து, காதை அவன் வாய்க்கு நேராக வைத்து ஓட வேண்டும். அவன் பாய்ந்தால் பாய வேண்டும், திரும்பினால் திரும்ப வேண்டும், அவன் மேல் படவும் கூடாது. வலது கையை நீட்டி வெள்ளைத் துண்டு ஒன்றைக் கூட்டம் முழுவதும் பார்க்கப் பிடித்திருக்க வேண்டும். மூச்சு முறிந்தது என்று காதுக்குப் பட்ட நொடியில் துண்டை விட்டுவிட வேண்டும். துண்டு விழுந்தால் அவன் வெளியே. ஆட்டக்காரனே தன் மூச்சு போனதை உணர்ந்தால் உள்ளங்கையால் தரையைத் தட்டலாம். ஆனால் தட்டினாலும் துண்டு விழுந்தால்தான் கணக்கு. நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும்போது கை தானாகவும் தரையில் படும் அல்லவா, அதற்காக அந்த ஏற்பாடு.

பேட்டை என்றால் பருத்திப் பேட்டை. அதன் முதலாளி தம் கட்சியில் ஏழு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். இருக்க வீடு, தின்ன கறி, வருஷத்துக்கு வேட்டி. அறுவடை முடிந்து தை மாதம் தொடங்கும் ஆட்டம் சித்திரைக் கடைசியில் முடியும். ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இங்கே வருவார்கள். உள்ளூர் ஆட்டம் பேட்டைக்குப் பின்புறத்துக் களத்தில் நடக்கும். களத்தின் ஓரத்தில் ஒரு கருப்பசாமி பீடம். கட்சியில் சேருகிற ஒவ்வொருவனும் அந்தப் பீடத்தின் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். முதலாளி கட்சியைக் கலைக்காத வரை கட்சியை விட்டுப் போவதில்லை, களத்தில் வஞ்சகம் செய்வதில்லை. இவ்வளவுதான் சத்தியம். நான் வேறு மார்க்கத்தான் என்பதால் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கட்சியை நடத்தியவர் மணியம். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, மணியம்தான். ஒல்லியான மனிதர். வெயிலோ நிழலோ, குடையைப் பிரிக்காமல் கக்கத்தில் வைத்திருப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "சரி" என்பார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இழுத்துச் சொன்னால் நடக்காது. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னால் முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னால், அது அப்போதே நடந்துவிடும். முதலாளியிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசுவார். இரண்டிலும் ஒரே குரல்தான்.

காலையில் மூச்சுப் பழக்கம் என் பொறுப்பு. ஒவ்வொருவனும் நடுக்கோட்டிலிருந்து பாடிக்கொண்டே புளியமரத்தைப் பார்த்து ஓடுவான். நான் கூடவே ஓடுவேன். எங்கே மூச்சு முறிகிறதோ அங்கே ஒரு மர முளை அடிப்போம். ஏழு பேருக்கு ஏழு முளை. பழக்கம் ஏற ஏற முளையைப் பிடுங்கி மேலும் தள்ளி அடிப்போம். யாருடைய முளை யாருடையதைத் தாண்டியது என்று அவர்களுக்குள் ஓயாத போட்டி. எல்லாருக்கும் அப்பால், புளியமரத்து வேரை ஒட்டி நிற்கும் முளை சங்கையாவுடையது. அவனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். பெண்டாட்டி பேச்சியின் தம்பி மாடசாமியையும் அவன்தான் கட்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மாடசாமிக்கு இருபத்திரண்டு வயது. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு மச்சான் பின்னாலேயே திரிவான்.

சங்கையா தரையைத் தட்டிய அந்த வருஷம் முதலாளி பேட்டைக்குள் அரவைக் கொட்டகை ஒன்று கட்டினார். நீராவி இஞ்சின் வைத்து, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற கொட்டகை. ஆட்டக்காரர்கள் சும்மா தின்றுகொண்டுதானே இருக்கிறார்கள், காலையில் பழக்கம் முடிந்ததும் கொட்டகையில் நிற்கட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். தகரக் கூரை, ஒரே ஒரு வாசல். உள்ளே போனால் எதிரில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது, அவ்வளவு பஞ்சுத் தூசி. வெளியே வரும்போது ஏழு பேருக்கும் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். முதலில் அதைப் பார்த்து அவர்களே கிழவன் என்று ஒருவனை ஒருவன் கேலி செய்துகொண்டார்கள்.

தை முடிவதற்குள் முளைகள் நடுக்கோட்டுப் பக்கமாக உள்ளே வர ஆரம்பித்துவிட்டன. இத்தனை வருஷத்தில் தள்ளித் தள்ளி அடித்த முளையை முதன்முதலாக இழுத்து அடித்தேன். ஒருவனுக்கு என்றால் உடம்பு சரியில்லை எனலாம். ஏழு பேருக்கும் இழுத்து அடிக்க வேண்டியிருந்தது. மாடசாமியின் முளைதான் மிகவும் மோசம். ஒரு நாள் பழக்கத்தில் பாதித் தூரம் போவதற்குள் இருமல் வந்து குனிந்துவிட்டான். துப்பியதில் பஞ்சு நூல் திரிதிரியாக இருந்தது. சிவப்பும் இருந்தது. சங்கையா ஓடிவந்து, யாரும் பார்ப்பதற்குள் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினான். நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

மாடசாமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "ஏலே, பேசாம ஊருக்குப் போயிரு. உங்க அம்மைக்கு நிலம் கெடக்குல்லா. உடம்பு இருந்தாத்தான் மத்ததெல்லாம்."

"சூடம் அடிச்சிருக்கேன், ராவுத்தரே. முதலாளி கலைக்காம நானாப் போனா எங்க வம்சம் வெளங்குமா? நீரு சொல்லலாம், உமக்கு அது கெடையாது."

அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். கேலிக்காகச் சொல்லவில்லை அவன். வேறு வழி இல்லாமல் மணியத்திடம் போனேன். களத்துக்கே கூட்டிவந்து முளைகளைக் காட்டினேன். கொட்டகைக்குப் போகாமல் இருந்தால் முளை பழையபடி போய்விடும், இல்லாவிட்டால் ஆட்டமும் போய்விடும், ஆட்களும் போய்விடுவார்கள் என்றேன். அவர் ஒவ்வொரு முளையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். வெற்றிலையை மென்றபடி "சரி" என்றார். மறுநாள் முதலாளியின் பதிலோடு வந்தார். "தூசிக்குப் பயப்படுதவன் பருத்திப் பேட்டையில என்ன செய்யுதான், நானும் அங்கனதான நிக்கேன்னு கேக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முளையெல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுரும், ராவுத்தரே. பயலுக பாத்தா மனசு விட்டுருவானுக."

இந்த மனிதருக்கு இதயமே இல்லையா என்று நினைத்தேன். ஏழு முளையையும் பிடுங்கி அடுக்களையில் அடுப்புக்குப் போட்டார்கள்.

அந்தப் பருவம் எப்படிப் போயிற்று என்று விரித்துச் சொல்ல எனக்கு மனசு இல்லை. வத்திராயிருப்பில் தோற்றோம். புதுப்பட்டியில், நேற்றுவரை எங்களிடம் ஆட்டம் கற்றுக்கொண்டவர்களிடம் தோற்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சொந்தக்காரர்கள் முன்னால் தோற்றோம். ஒவ்வொரு களத்திலும் என் துண்டுதான் விழுந்துகொண்டே இருந்தது. எதிராளி பிடித்து எங்கள் ஆட்கள் வெளியேறியதைவிட, மூச்சு முறிந்து நான் வெளியேற்றியதுதான் அதிகம். "ராவுத்தரு துண்டுல வெண்ணெய் தடவிருக்காரு, கையில நிக்க மாட்டேங்கு" என்று ஊரில் ஒரு பேச்சு.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாலை களத்துக்கு வந்தார். ஏழு பேரும் கைகட்டி நின்றார்கள். "ஏமிரா, தின்ன சோறு எங்கடா போவுது?" என்று ஆரம்பித்தவர், பீடத்து மணியை ஒரு அடி அடித்துவிட்டுச் சொன்னார்: "சித்திரைக் கடைசியில ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் நம்ம மண்ணுக்கு வாரான். நம்ம மண்ணுலயும் தோத்தா, அன்னைக்கே கட்சியைக் கலைச்சிருவேன். கருப்பன் சாட்சி."

கட்சி கலைந்தால் சம்பளம் போகும், வீடு போகும், பேட்டைக் கட்சிக்காரன் என்று தெருவில் நடக்கிற நடை போகும். மாடசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் சங்கையா கேட்டான்: "கலைச்சுட்டா சத்தியமும் போயிருமா, முதலாளி?"

"கட்சியே இல்லைன்னா சத்தியம் என்னத்துக்குடா?"

பயத்தில் கேட்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி ஆட்டத்தன்று களம் கொள்ளாத கூட்டம். களத்துக்குத் தண்ணீர் தெளித்து, மணலைப் பரப்பி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. ஏழு பேரும் பீடத்தில் விழுந்து கும்பிட்டார்கள். சங்கையா எழுந்திருக்கச் செத்த நேரம் ஆயிற்று. வெளியேறியவன் திரும்ப உள்ளே வருகிற வழக்கம் அப்போது இல்லை. ஒரு கட்சியில் கடைசி ஆளும் வெளியேறினால் அந்தக் கட்சி தோற்றது. அன்று எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அது பொய் இல்லை. மாடசாமி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். மூன்றாம் முறை போனபோது அவன் நெஞ்சுக்குள் ஒரு கீச்சொலி கேட்டது, பாட்டு பாதியில் அறுந்தது, துண்டை விட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் ஓரத்தில் உட்கார்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டான்.

முடிவில் எங்கள் பக்கம் சங்கையா ஒருவன். அந்தப் பக்கம் இரண்டு பேர். சங்கையா பாடிப் போனான். நான் கூடவே குனிந்து ஓடினேன். அப்படி ஒரு பாட்டை அந்தப் பருவம் முழுவதும் நான் கேட்கவில்லை. ஏறாமல் இறங்காமல், கிணற்றுக் கமலை சீராக ஓடுகிற மாதிரி போயிற்று. ஒருவனைக் காலால் தொட்டான். மற்றவன் பின்னால் வளைந்து நடுக்கோட்டை மறித்தான். சங்கையா அவனுக்குக் கீழே குனிந்து முழங்காலைத் தட்டிவிட்டு அவனைத் தாண்டி வந்தான். இரண்டு பேரும் முடிந்தார்கள். தொடுபட்டவன் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம், ஆகவே பிடிக்க ஆள் கிடையாது. பாடிக்கொண்டே நடந்து கோட்டைத் தாண்டினால் ஆட்டம் எங்களுடையது. கூட்டம் எழுந்துவிட்டது, மேளக்காரன் அடிக்கத் தொடங்கிவிட்டான். முளையைப் பிடுங்கினால் என்ன, சங்கையாவின் மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்று என் காலுக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் பாதி மூச்சு மிச்சம் இருந்தது.

கோட்டை நெருங்கியவன் நடையைத் தளர்த்தினான். தலையைத் திருப்பிக் களத்து ஓரத்தைப் பார்த்தான். மாடசாமி அங்கே வாயைப் பொத்தியபடி எழுந்து நின்றுகொண்டிருந்தான். சங்கையா மண்டியிட்டான். சூடம் அடித்த அந்த வலது கையால் தரையை ஓங்கித் தட்டினான்.

தட்டும்போதும் அவன் வாயில் பாட்டு இருந்தது. தட்டிய பிறகும் இருந்தது. சடுகுடு, சடுகுடு என்று இரண்டு முறை வந்த பிறகுதான், என்னவோ நினைவுக்கு வந்தவனாக வாயை மூடினான். மேளச் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. என் காதுக்கு மட்டும் கேட்டது.

மேளம் நின்றது. அத்தனை கண்ணும் என் கைத் துண்டின் மேல். மூச்சு முறியாதவனுக்கு நான் துண்டை விட்டதே கிடையாது. சங்கையா குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தான். முதலாளியிடம் அவன் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் துண்டை விடக் கை வரவில்லை. பின்னாலிருந்து மணியத்தின் குரல் வந்தது. பூசைக்கு எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்கிற அதே குரல்.

"துண்டு கையிலயே இருக்கே, ராவுத்தரே."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

துண்டை விட்டேன். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை; இன்றைக்கும் வருந்தவில்லை.

முதலாளி நேரே பீடத்துக்குப் போய், "கலைச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். ஆறு பேரும் காலில் விழுந்து அழுதார்கள். வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். மாடசாமி திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் சங்கையாவின் முகத்தில் துப்பினான். "கோட்டுக்கிட்ட வந்து குடியைக் கெடுத்தியே! நீயெல்லாம் ஒரு மச்சானா? இனி உன் வாசப்படி மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலை." சங்கையா புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

ஏழு பேரும் கலைந்தார்கள். மாடசாமி புதுப்பட்டிக்குப் போய் அம்மாவின் நிலத்தை உழுதான். இரண்டு பேர் செண்பகத்தோப்புப் பக்கம் மரம் வெட்டப் போனார்கள், இரண்டு பேர் போலீஸில் சேர்ந்தார்கள், ஒருவன் மாடு வாங்கி விற்றான். நல்ல காற்றுப் பட்டதும் இருமல் மெல்ல மெல்லக் கழிந்தது. சங்கையாவுக்கு மட்டும் ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. கோட்டருகே போய் மூச்சை விட்டவன் கை பட்டால் வண்டி நகராது என்றார்கள். ஆள் கிடைக்காமல் தவித்த ஒரே இடம் அந்த அரவைக் கொட்டகைதான். சத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் கூலிக்கு அங்கேயே திரும்பிப் போனான். அதற்கு அடுத்த பருவத்தில் படுத்துவிட்டான். கட்சி கலையக் காரணமானதற்குக் கருப்பன் கணக்குக் கேட்டுவிட்டான் என்று ஊர் பேசியது. கேட்டது பஞ்சு என்று எனக்குத் தெரியும்.

ஒரு பகல் பொழுதில் பார்க்கப் போனேன். பேச்சி சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அரை வாக்கியத்துக்கு ஒரு மூச்சு எடுத்தான். பேச்சி வெளியே போகும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"அன்னைக்கு நீரு கேட்டீரா, ராவுத்தரே?"

"கேட்டேன்."

"தட்டின பொறவுமா?"

"பொறவும் ரெண்டு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாயிற்று. "வாய் பழகிப் போச்சு. கைக்குச் சொன்னேன். வாய்க்குச் சொல்ல மறந்துட்டேன்."

"களத்துல வஞ்சகம் செய்ய மாட்டேன்னும் சூடம் அடிச்சியே. பயமா இல்லையா?"

"பயந்தான். என்னைய மட்டும் கேளு, மத்தவனுகளை விட்டுருன்னு ஆட்டத்துக்கு முன்னாடியே கருப்பன்கிட்டக் கும்பிட்டுச் சொல்லிட்டேன். சாமி கேக்கத்தானே செய்யும்."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மாடசாமியிடம் நானே போய்ச் சொல்கிறேன், இப்படித் திட்டிக்கொண்டு அலைகிறானே என்றேன். சங்கையா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிராதீரும். வஞ்சகத்துல கலைஞ்சது கலைஞ்சதாகாதுன்னுட்டு அன்னைக்கே திரும்பி வந்து கொட்டகையில நிப்பான். அவன் கூறுகெட்ட பய. இருந்து திட்டட்டும், ராவுத்தரே. இருந்து திட்டட்டும்."

அந்த வாரம் அவன் போய்விட்டான். மாடசாமி அக்காள் புருஷன் சாவுக்கு வரவில்லை.

மணியமும் வேலை போய்க் கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் எதிர்ப்பட்டார். குடை கக்கத்தில் இருந்தது. "காது எப்படி இருக்கு?" என்றார். "நல்லாக் கேக்குது" என்றேன். "சரி" என்றார். எந்தச் சரி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முளைகளைப் பிடுங்கச் சொன்னாரே, அந்த ஏழும் அவர் மனசில் அப்படியே நின்றிருந்தன என்று மட்டும் இன்று நினைக்கிறேன்.

பேட்டைக் கட்சிக்குப் பிறகும் வேறு ஊர்களுக்குத் துண்டு பிடித்தேன். காலில் வலு குறைந்ததும் விட்டுவிட்டேன். சங்கத்துத் தம்பிகளே, உங்கள் களத்தில் யாராவது தரையைத் தட்டினால் "சங்கையா கை" என்று கத்துவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கத்துவது உங்கள் இஷ்டம். அந்தக் கை யாருக்காகத் தட்டியது என்று தெரிந்துகொண்டு கத்துங்கள்.

மாடசாமியின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவன் பிள்ளை குட்டி, பேரன் பேத்தி எல்லாம் எடுத்தான். வத்திராயிருப்புச் சந்தையில் அடிக்கடி பார்ப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சங்கையா பெயரை எடுத்தால் காறித் துப்புவான். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த ஆவணியில் அவனுக்கு முடியவில்லை என்று மகன் வந்து கூட்டிப்போனான். கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். மகனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என்னைக் கேட்டான்.

"ராவுத்தரே, எங்க மச்சானுக்கு நிசமாவே அன்னைக்கு மூச்சு போச்சா?"

மற்ற ஐந்து பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதலாளி போய் எத்தனையோ வருஷமாகிறது. கொட்டகைத் தகரத்தைப் பிரித்து விற்று, இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டு, அந்த இடத்தில் எருக்கு முளைத்துக் கிடக்கிறது. இனி யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டாவது போகட்டும் என்றும் நினைத்தேன்.

"போகலை, மாடசாமி" என்று, எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிய பிறகு வந்த இரண்டு சடுகுடுவையும் சொன்னேன்.

கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. பிறகு மெதுவாக, "அப்ப கட்சி கலையலையே, ராவுத்தரே" என்றான்.

கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றிவிட்டான். தண்ணீரோடு வந்த மகன் பதறிப்போய், "எங்கப்பா எந்திரிக்கிய?" என்றான்.

"பேட்டைக்குப் போவணும்லா."

மகனும் நானும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து அமுக்கினோம். அந்த உடம்பை இரண்டு பேராலும் படுக்க வைக்க முடியவில்லை.